கம்பியில்லாத பீஸ் கட்டைகள்

1

ஷார்ஜாவுக்கு வந்து பத்தொன்பது வருஷம் முடிந்தது. கேக் வெட்டவில்லை, விசா புதுப்பிக்கப் போனேன். இங்கே இருக்கிற எங்களுக்கெல்லாம் பிறந்தநாளைவிட முக்கியமான நாள் அதுதான். ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். அதெல்லாம் எனக்கு ஒரு கஷ்டமுமில்லை. விரல் ரேகைதான் வம்பு.

வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. "துடைச்சிட்டு வைங்க" என்றார் கவுண்ட்டரில் இருந்த அம்மையார். துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடியும் சிவப்பு. பின்னால் நிற்கிற வரிசை உச்சுக்கொட்ட ஆரம்பித்தது. "உங்க விரலுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். விருத்தாசலத்தில் என் அக்கா வீட்டுக்காரருடைய பீங்கான் கம்பெனியில் இரண்டு வருஷம், காய்ந்த மண் கட்டையின் பிசிறைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்ததில் ரேகை அங்கேயே கரைந்துவிட்டது என்று நான் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? "வொர்க்" என்றேன். "என்ன வொர்க்?" "ஃபியூஸ்" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை மாற்றி வைக்கச் சொன்னார்.

ஃபியூஸ் என்று சொன்னால் உங்களுக்கும் புரியாது. நம்ம ஊரில் அதற்குப் பெயர் பீஸ் கட்டை. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பீங்கானில், நடுவில் மெல்லிய கம்பி கட்டி மாட்டியிருப்பார்களே, அது. லோடு ஏறினால் கம்பி உருகி அறுந்துவிடும். "பீஸ் போயிடுச்சு" என்று வீடே அலறும். எங்கள் மச்சான் அதைச் செய்கிறவர். நானோ ஷார்ஜாவில் எலெக்ட்ரிகல் கடையில் பிரேக்கர் விற்கிறவன். பிரேக்கர் என்பது பீஸ் கட்டையை வேலையை விட்டுத் தூக்கிய பொருள். ஊரில் அதை ட்ரிப்பர் என்பார்கள். லோடு ஏறினால் டப்பென்று கீழே விழும், தூக்கிவிட்டால் சரியாகிவிடும். ஆக, ஒரே குடும்பத்தில் அவர் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி.

என் கடை மேஜையில், பில்லெல்லாம் பறக்காமல் இருக்க ஒரு பீஸ் கட்டை வைத்திருக்கிறேன். நான் கிளம்பின அன்றைக்கு மச்சான் கொடுத்தது. நீல எழுத்தில் 'ஜாபர்' என்று என் பெயர் சுட்டிருக்கும்.

2

இந்தப் பெயர் எழுதுகிற விஷயம் எங்கள் தெருவுக்கே உரியது. யார் வீட்டுக் குடிபுகுதலாக இருந்தாலும், மற்றவர்கள் பித்தளைக் குடம், சில்வர் அண்டா, சுவர்க்கடிகாரம் என்று கொண்டுபோவார்கள். அதே தெருவில் இருக்கிற மச்சான் ஆறு பீஸ் கட்டை கொண்டுபோவார். வீட்டுக்காரர் பெயரை நீல மையில் தன் கையால் எழுதி, அதன்மேல் பளபளப்புக்குக் கிளேஸ் பூச்சுப் போட்டுச் சூளையில் சுட்டு, வைக்கோலில் பொதிந்து கொடுப்பார். கிண்டல் பண்ணாத ஆளில்லை. ஆனால் மாட்டாத ஆளுமில்லை. பெயர் எழுதின பொருளை எப்படித் தூக்கிப் போடுவது? தெருவில் பத்துப் பதினைந்து வீடு, எல்லா வீட்டு முன்சுவரிலும் மச்சானுடைய கையெழுத்துதான்.

இதற்கு நடுவில்தான் நான் போய் ஏசியை இறக்கினேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் லீவில் போயிருந்தேன். நல்ல வெயில் காலத்து நோன்பு. அம்மா நோன்பு வைத்துக்கொண்டு ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மறுநாளே கடைக்குப் போய் ஒன்று வாங்கிவிட்டேன். மாட்ட வந்தவர் கொளஞ்சி. கம்மாபுரம் பக்கம், டூவீலரில் ஏணியைக் கட்டிக்கொண்டு வருகிற வயர்மேன். எங்கள் தெருவில் எந்த வீட்டு விளக்கு எரிந்தாலும் அவர் புண்ணியம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏசி போட்டா இந்தக் கட்ட தாங்காதுங்க. ட்ரிப்பர் போட்டுடலாம். ஆனா உங்க மச்சான் வருவாரே?"

நான்தான் அந்தப் பொல்லாத யோசனையைச் சொன்னேன். "ட்ரிப்பரை உள்ளார சாமான் ரூம்புல வைங்க. கட்ட செவுத்துலயே இருக்கட்டும். கம்பிய மட்டும் உருவிடுங்க. மச்சான் கண்ணுல கட்டதான் படணும்."

அந்த நோன்பு முழுக்க எங்கள் வீட்டில் கூட்டம். மதியம் லுஹர் தொழுதுவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் அம்மாவை நலம் விசாரிக்க வந்தார்கள். அதற்கு முன்னால் அம்மாவின் நலத்தில் யாருக்கும் அவ்வளவு அக்கறை இருந்ததில்லை. பெருநாள் கழிந்ததும் எதிர்வீட்டில் ஒன்று வந்தது. அப்புறம் அவர்கள் சம்பந்தி வீட்டில். அப்புறம் குவைத்தில் இருக்கிற பையன்களுக்கெல்லாம் அவரவர் வீட்டிலிருந்து போன் போயிற்று. ஷார்ஜாவில் எனக்கும் வந்தது: "எத்தன டன்னு எடுத்த? கரண்டு எவ்ளோ இழுக்குது?" ஒவ்வொரு ஏசியின் பின்னாலும் கொளஞ்சியின் ஏணி போயிற்று, ஏணியின் பின்னால் ட்ரிப்பர் போயிற்று. அதோடு நான் சொன்ன யோசனையும் வீட்டுக்கு வீடு போயிற்று. சுவரில் பெயர் எழுதின கட்டை அப்படியே, உள்ளே கம்பி மட்டும் கிடையாது.

3

இந்த முறை விசா முடித்துவிட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் மும்தாஜ் அக்காவிடமிருந்து போன். என் ஒரே அக்கா, மச்சானுடைய சம்சாரம். ரேகை கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று எடுத்தேன். அக்கா சிரிக்கிற நிலைமையில் இல்லை.

"உன் மச்சான் இன்னமும் பீஸ் கட்டதான்டா அச்சுல அடிச்சிக்கிட்டு இருக்காரு. எடுத்துட்டுப் போறதுக்கு ஆளில்ல, மூட்ட மூட்டையா நிக்குது. பத்துப் பேரு வேல செஞ்ச எடம், இப்ப மூணு பொம்பளைங்கதான் வராங்க. ஒரு மொத்த வியாபாரி வந்தாரு. வயர ஜாயிண்டு போடுற பீங்கான் கனெக்டர் பண்ணிக் குடுங்க, எவ்ளோ பண்ணாலும் எடுத்துக்கிறேன்னாரு. இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லலன்னா வேற எடம் பாத்துக்குவாராம்."

"மச்சான் என்ன சொல்றாரு?"

"நம்ம தெருவுல போயி பாரு, ஒவ்வொரு செவுத்துலயும் என் கட்டதான் இருக்குது, அவங்கள அம்போன்னு உட்டுட்டு கனெக்டர் பண்ணப் போவணுமா அப்படீங்குறாரு. கம்பெனியையே இழுத்துப் பூட்டினாலும் பூட்டுவாராம், மாத்த மாட்டாராம்."

எனக்கு வண்டிக்குள் ஏசி ஓடியும் வியர்த்தது. "நீ சொல்லக் கூடாதா அக்கா, செவுத்துல இருக்கறதெல்லாம் சும்மான்னு?"

"நானா? எனக்கு வாயி வருமா? நீதான ஆரம்பிச்ச. நீயே சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்று தடவை மச்சானுக்குப் போன் போட்டு, "மழ பேஞ்சுதா மச்சான்?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். அவரும் வெகுளியாக, "எங்கடா பேயுது" என்றார். ஒரு மனுஷனைத் தெருவே சேர்ந்து மரியாதை பண்ணி மரியாதை பண்ணியே கம்பெனியை மூட வைக்கப்போகிறது, அதற்கு மூலகாரணம் நான். சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய், நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் ஒவ்வொரு பிரேக்கரை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போதும் உள்ளே ஒன்று குத்தியது.

4

என் மகள் அஃப்ரின் இங்கேயே பிறந்தவள், பதினொன்றாம் வகுப்பு. ஊர்ப் போன் வந்தால் அவளுக்கு மூன்றே வாக்கியம். "நல்லாருக்கேன். நீங்க நல்லாருக்கீங்களா? அத்தாகிட்ட குடுக்கறேன்" என்று போனை என்னிடம் நீட்டிவிடுவாள். நாலாவது வாக்கியம் கேட்டால் முழிப்பாள். போன லீவில் திருச்சியில் இறங்கி, வேப்பூரில் பரோட்டாவுக்கு நிறுத்தினோம். "சால்னா போதுமாம்மா?" என்று கேட்ட சப்ளையரிடம் பாவம் அரபியில் "ஷுக்ரன்" என்று நன்றி சொல்லிவிட்டாள். அவளைச் சொல்லி என்ன, நானே விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் போதும் என்பதற்கு "கல்லாஸ், இங்கயே நிறுத்துங்க" என்றவன்தான். அவர் திரும்பிப் பார்த்து, "துபாயா, சவுதியா?" என்றார்.

அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். ஒரு புதுப்பொருள் பழகினவர்களுக்குள் எப்படிப் பரவுகிறது, வரும்போது கூட எந்தப் பொருளைக் கூட்டிக்கொண்டு வருகிறது, எதைத் துரத்துகிறது, இதைப் படம் போட்டுக் காட்ட வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லாம் போனைப் பற்றி எழுதுகிறார்களாம். "அத்தா, வேற ஐடியா இருக்கா?" என்று கேட்டாள்.

பெண் கேட்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு, நம்ம தெருவுக்கு ஏசி கொண்டுவந்த கதையை ஆரம்பித்தேன். "எல்லாம் ஒங்க அத்தாகிட்ட இருந்துதான் ஆரம்பம்" என்று ஒரு இழுப்பு இழுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு கேள்வித்தாள் வேறு. எங்கள் அம்மாவிடம், "இந்தப் பொருளைப் பற்றி உங்களுக்கு முதலில் சொன்ன நபர் யார்?" என்று வாசித்தாள். "நபரு கிபருன்னு ஏன்டி கோர்ட்டுல கேக்குற மாதிரி கேக்குற? சாப்டியா மொதல்ல?" என்றார் அம்மா. எதிர்வீட்டுக்காரர்கள், அவர்கள் சம்பந்தி, குவைத் பையன்கள் என்று யாரையும் விடவில்லை. கொளஞ்சியோடு ஒரு மணி நேரம் பேசினாள். "கொளஞ்சி அங்கிள் சோ ஃபன்னி அத்தா! நெலக்கரி சுரங்கத்துக்கு நெலம் போயிட்டா அவங்க வூட்ட வேற எடத்துல கட்டணுமாம். அங்கயும் அவருதான் வயரிங் பண்ணுவாராம்" என்றாள். அவள் வாயில் 'வூடு' வந்துவிட்டது. என் மனைவி பர்வீன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று பயம். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். மச்சானுக்குத் தெரியக்கூடாதது எது என்று அவளிடம் நான் சொல்லவேயில்லை.

5

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் துடித்தது. குடும்ப குரூப்பில் அஃப்ரின் ஒரு படம் போட்டிருந்தாள். தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு வட்டம். வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்புக்குறி. நீல அம்பு ஏசி, நம் வீட்டிலிருந்து கிளம்பி விசிறி மாதிரி விரிந்தது. அதன் பின்னாலேயே சிவப்பு அம்பு, அது ட்ரிப்பர். சிவப்பு வந்த ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பீஸ் கட்டை படம், அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. கீழே "இப்போது வெறும் அலங்காரம்" என்று கூகுளில் தேடின மாதிரி நல்ல தமிழில் எழுதியிருந்தாள்.

பச்சை வேறு இருந்தது. ஏசி லைனில் பிளாஸ்டிக் கனெக்டர் சூடேறி உருகிப்போய், கொளஞ்சி பீங்கான் கனெக்டர் வாங்கி மாட்டின வீடுகளாம். ஏசி வந்த வீட்டிலெல்லாம் பச்சை இருந்தது. மச்சான் வீட்டு வட்டத்தில் மட்டும் எந்த நிறமும் இல்லை, ஒரு கேள்விக்குறி.

படத்துக்குக் கீழே குறிப்பு: "எல்லாரும் தப்பு இருந்தா சொல்லுங்க. மாமா, இந்தப் பச்சை எல்லாம் வேற ஊர்லேருந்து வருதாம். நீங்க ஏன் பண்ணல?"

எனக்கு ஒரு செருப்புதான் கிடைத்திருந்தது. அப்படியே வீட்டுக்கு ஓடினேன். "அழிடி, சீக்கிரம் அழி" என்றேன். "ஏன்? மாமா பாத்துட்டாங்களே" என்றாள். பார்த்தேன், இரண்டு டிக்கும் நீலம்.

குரூப்பில் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்புகிறவர்கூட மறுநாள் அனுப்பவில்லை. "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அஃப்ரின் அழுதாள். "கொளஞ்சி அங்கிள், எல்லா வூட்டையும் சொன்னாங்க. மாமா வூட்ட மட்டும் 'அத எங்கிட்ட கேக்காதம்மா'ன்னாங்க. அதான் கேள்விக்குறி போட்டேன்." நீ ஒரு தப்பும் பண்ணவில்லை, நான் பண்ணவேண்டியதை நீ பண்ணிவிட்டாய் என்று சொன்னேன். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மச்சானுக்குப் போடக் கை வரவில்லை. இரண்டு நாள் போனது.

6

மூன்றாம் நாள் கடையில் கூட்டமாக இருக்கும்போது மச்சானே கூப்பிட்டார். குடோனுக்குள் போய் எடுத்தேன். போனில் அவருக்குப் பின்னால் விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. கம்பெனி வாசலில் நின்று பேசுகிறார் என்று தெரிந்தது.

"மாப்ளே."

"மச்சான், அது வந்து, புள்ள தெரியாம..."

"சும்மா இரு. படத்துல ஒரு தப்பு இருக்குது."

"எல்லாமே தப்புதான் மச்சான். அழிச்சிடச் சொல்றேன்."

"அட, சொல்றதக் கேளுடா. எங்கூட்டு மேல கேள்விக்குறி போட்டிருக்குது. அத எடுத்துட்டு செவப்பு போடச் சொல்லு. மொத செவப்பு அதுதான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ ஏசி போட்டதுக்கு முந்தின வருஷம். ஒங்கக்கா ஈரக் கையோட கட்டையப் புடுங்கப் போயி, தூக்கி அடிச்சிடுச்சு. செவுத்தோரமா விழுந்து கெடந்தா. நான் செஞ்ச கட்டடா அது, எம்பேரு போட்டது. அன்னிக்கே கொளஞ்சியக் கூப்புட்டு ட்ரிப்பர் வெச்சிட்டேன், அரிசி டின்னுக்குப் பின்னால. யாருகிட்டயும் மூச்சு உடாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"மச்சான்..."

"ஊருக்கெல்லாம் கட்டையக் குடுத்துட்டு நான் மட்டும் ட்ரிப்பர்ல பத்திரமா இருக்கேன். மத்தவங்க எல்லாம் என்ன நம்பி என் கட்டையிலயே காலந்தள்றாங்களேன்னு ஒவ்வொரு செவுத்தப் பாக்கும்போதும் கூசுது. நான் நிறுத்திட்டா அவங்களுக்கு ஒண்ணு ஒடஞ்சா யாருடா குடுப்பா? அதான் அடிச்சிக்கிட்டே இருந்தேன்." பிறகு கேட்டார்: "நெசமாவே ஒரு செவுத்துலயும் கம்பி இல்லியா?"

"இல்ல மச்சான்."

"ஒண்ணுலகூட?"

"ஒண்ணுலகூட இல்ல. நான்தான் அப்படி வெக்கச் சொன்னேன். என்ன மன்னிச்சிடுங்க."

திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு மாதிரி சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மனுஷன் சிரிக்கிறார். பத்து வருஷத்துச் சிரிப்பை மொத்தமாகச் சிரிக்கிறார். "என்னங்க, யாருகிட்ட?" என்று அக்கா குரல் கேட்டது. "ஒன் தம்பிதான்டி! ஒரு தெருவே சேந்து என்ன ஏமாத்தியிருக்குது, நானும் தெருவ ஏமாத்தியிருக்கேன்!" என்றார். குடோனில் பிரேக்கர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நானும் சிரித்தேன், கண்ணீரும் வந்தது.

அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டு, மச்சான் வீட்டு ரகசியத்தைச் சொன்னேன். அம்மா அசரவில்லை.

"இதென்ன ரகசியம்? அவரு வெச்ச அந்த வாரமே கொளஞ்சி எல்லா வூட்டுலயும் சொல்லிட்டானே. பீங்கான்காரரே ட்ரிப்பர் வெச்சிக்கிட்டாரு, அப்புறம் நமக்கு என்னா பயம்னுதான்டா ஆளாளுக்கு வெச்சாங்க. நீ சொன்னதுக்கா நான் தலையாட்டுனேன்? அவரு வெச்சாரேன்னு ஆட்டுனேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலியே."

அஃப்ரின் படத்தைத் திருத்தினாள். சிவப்பு அம்பு எல்லாம் இப்போது மச்சான் வீட்டிலிருந்து கிளம்புகின்றன. என் வட்டத்தை இடம் போதவில்லை என்று ஓரமாகத் தள்ளிவிட்டாள். இத்தனை வருஷம் தெருவையே நான் மாற்றினேன் என்று குற்ற உணர்ச்சியோடு கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே நாளில் போயிற்று.

7

மொத்த வியாபாரிக்குச் சரியென்று சொல்லியாயிற்று. புது அச்சு வந்து இறங்கிவிட்டது. மச்சான் தெருவில் வீடு வீடாகப் போய், "கழட்டுங்க, கழட்டுங்க, கூச்சப்படாதீங்க" என்று தானே ஸ்குரூ டிரைவரோடு நின்று கட்டைகளைக் கழற்றி வாங்கினாராம். கோணியில் கொட்டிக் கட்டின படத்தை குரூப்பில் போட்டார். சுட்ட பீங்கானை மாவாக அரைத்துப் புது மண்ணில் கொஞ்சம் சேர்த்தால், சூளையில் ரொம்பச் சுருங்காது. அத்தனை பெயரும் அரைந்து கனெக்டரில் போகப்போகிறது. அக்கா அந்தப் படத்துக்கு ஒரு இதயம் போட்டாள், அஃப்ரின் பத்து போட்டாள். இப்போது மாமாவுக்கு இவளே போன் போடுகிறாள். மூன்று வாக்கியத்தில் முடிவதில்லை, என் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு பேசுகிறாள்.

நேற்று மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ளே, எல்லா கட்டையும் வந்துடுச்சு. ஓங்கிட்ட ஒண்ணு இருக்குல்ல? பேரு போட்டுக் குடுத்தனே. ஊருக்கு வர யாருகிட்டயாவது குடுத்து அனுப்பு. அதையும் அரைச்சிடுவோம்."

மேஜையில் அது பில்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். அந்த விளிம்பைத் தேய்த்தது நான்தான், என் ரேகை போன இடம் அதுதான்.

"அது ஒடஞ்சி போச்சு மச்சான். போன வருஷமே கீழ விழுந்து தூளாயிடுச்சு."

"ஒடையாதுடா அது" என்றார் மச்சான். "நான் சுட்டது." சொல்லிவிட்டு, மழை பெய்ததா என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்: "இங்க நேத்து நல்ல மழடா."